மஞ்சளித்த ஜி.ஐ. ஜோ பொம்மையை வெளுப்பது

ஜி.ஐ. ஜோ வரிசையில் 1984-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் வெளியிட்ட ஸ்டார்ம் ஷேடோ என்ற நிஞ்ஜா பொம்மை வெள்ளை நிறம். அதனால்தான் பழுப்பு உடனே கண்ணில் படுகிறது. இது மேலே ஒட்டிய அழுக்கு அல்ல, பிளாஸ்டிக்கே ஆக்சிஜனேற்றம் அடைந்தது. சோப்பு போட்டுத் தேய்த்துப் பயனில்லை.

முதுகுத் திருகைக் கழற்றினால் உடல் இரண்டாகப் பிரியும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் பெரும்பாலும் இற்றுப்போயிருக்கும், புதிது வாங்கி வையுங்கள். திருகையும் இடுப்புக் கொக்கியையும் தனியே எடுத்துவிடுங்கள். கட்டைவிரல், இடுப்புத் துண்டு இரண்டும் எளிதில் உடையும், அழுத்தாதீர்கள்.

மருந்துக் கடையில் கிடைக்கும் 6% ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கண்ணாடிக் குவளையில் துண்டுகள் மூழ்கும்படி ஊற்றி வெயிலில் வையுங்கள். மூடியை இறுக்கினால் வாயு சேர்ந்து வெடிக்கலாம். குமிழ் ஒட்டித் துண்டுகள் மிதக்கும். மிதந்த பக்கம் திட்டுத்திட்டாக வெளுக்கும். ஆகவே மணிக்கொரு முறை கிளறுங்கள். நீர் கைக்குச் சூடாகத் தெரிந்தால் நிழலுக்கு மாற்றுங்கள், பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

முழங்கை, முழங்கால் ஆணிகள் இரும்பு. கை கால்களை நாள்கணக்கில் ஊறவைத்தால் துருக்கறை இறங்கும், அதைப் போக்குவது மஞ்சளைவிடக் கடினம். முன்கையின் சிவப்புக் குறியை முதலில் பெராக்சைடில் நனைத்த பஞ்சால் தொட்டுச் சோதியுங்கள். நிறம் பஞ்சில் ஏறினால் அந்தக் கையை ஊறவைக்காமல் விட்டுவிடுங்கள்.

பழைய வெள்ளை வந்ததும் நிறுத்துங்கள். மேலும் வைத்தால் சுண்ணாம்பு போலப் பூக்கும், அதற்கு மருந்தில்லை. அலசி, மூட்டுகளை ஊதி உலர்த்திப் பூட்டுங்கள். இருட்டில் வைத்தாலும் சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பலாம். விற்பதானால் வெளுத்ததைச் சொல்லிவிடுங்கள்.