கல்லூரி மாதத்தாள் தயாரிப்பது எப்படி: 26 வருடம் தயாரித்தவள் சொல்கிறேன்

"கூட்டம் வழக்கமான இடத்தில் நடைபெறும்." இந்த ஒரு வரியை அச்சடித்ததற்கு எனக்கு இன்னும் வெட்கம் உண்டு. உசிலம்பட்டியிலிருந்து பழைய மாணவர் ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர், இரண்டு பேருந்து மாறி வந்து சிற்றாலயத்தில் ஒன்றரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். கூட்டம் நூலக மாடியில் நடந்துகொண்டிருந்தது. அவர் படித்த காலத்தில் வழக்கமான இடம் என்றால் சிற்றாலயம், எங்களுக்கு நூலக மாடி. மனிதர் கோபிக்கக்கூட இல்லை. "ஜெபம் பண்ணிட்டு இருந்தேம்மா, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

எங்களுடையது மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் போகிற வழியில் இருக்கும் சின்ன லுத்தரன் கல்லூரி. 1998-ல் தட்டச்சராகச் சேர்ந்தேன். மாதம் ஒருமுறை வெளியாகும் செய்தித்தாளை, நாங்கள் சுருக்கமாகத் 'தாள்' என்போம், சேர்ந்த மறுமாதமே என் தலையில் கட்டினார்கள். ஸ்டென்சில் என்ற மெழுகுத்தாளில் எழுத்தை வெட்டி, அதை நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் கருவியின் உருளையைச் சுற்றி, கையெல்லாம் மையாக வீட்டுக்குப் போன காலம் அது. 2024-ல் பணி நிறைவு. இப்போது அந்த வேலையைப் பார்க்கும் தம்பி, "அம்மா, எப்படிப் போடறதுன்னு ஒருதரம் எழுதிக் குடுத்திருங்க" என்று கேட்டார். அவருக்காக எழுதியதுதான் இது. சபையிலோ பள்ளியிலோ விடுதியிலோ இதே வேலை மாட்டிக்கொண்ட வேறு யாருக்கும் பயன்பட்டால் சரி.

முதலில், யாருக்காக எழுதுகிறோம் என்பதில் குழப்பம் வேண்டாம். முதல்வருக்காக இல்லை, ஆட்சிமன்றத்துக்காக இல்லை. பேருந்தில் ஏறி வரப்போகிற ஒருவருக்காக. அவர் கையில் இந்தத் தாளைத் தவிர வேறு எதுவும் இல்லை, யாருக்கும் போன் செய்யவும் முடியாது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

செய்தி சேர்க்க மாதத்தின் 20-ஆம் தேதியை வைத்துக்கொள்ளுங்கள். துறைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தால் எதுவும் வராது. வந்தாலும் "கருத்தரங்கம் சிறப்பாக நடைபெற்றது" என்று வரும். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். என் வரிசை இது: முதலில் வாசல் காவலர், பிறகு விடுதிச் சமையற்கட்டு, நூலகம், துறைகள், கடைசியாக முதல்வர் அறை. காவலரிடம் வருகைப் பதிவேடு இருக்கும். எந்தப் பழைய மாணவர் பிள்ளையோடு வந்து மரத்தடியில் போட்டோ எடுத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். சமையற்கட்டில் பத்து நிமிடம் நின்றால் போதும், யார் வீட்டில் கல்யாணம், யார் மகள் நர்சிங் முடித்தாள், எல்லாம் வந்துவிடும். அந்தச் செய்திகளையும் பேராசிரியர் முனைவர் பட்டம் வாங்கியதற்குக் கொடுக்கும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். பொன்னாடை போர்த்தும் படத்தைக் கண்டிப்பாகப் போடச் சொல்வார்கள். ஒன்று போடுங்கள். ஆறு போட்டால் யார் யாருக்குப் போர்த்தினார் என்பதே குழம்பிவிடும்.

இனி வரும் நிகழ்ச்சிகள். தேதி குறிப்பது நம் கையில் இல்லைதான். ஆனால் தேதி மோதுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டியவர் தாள் போடுகிறவர்தான். லுத்தரன் கல்லூரிக்கு ஒரே நேரத்தில் மூன்று நாட்காட்டி ஓடும்: சபையுடையது, பல்கலைக்கழகத்துடையது, மதுரையுடையது.

சபை நாட்காட்டியில் சில தேதிகள் நிற்கும், சில நகரும். அக்டோபர் 31 சீர்திருத்த நாள் நிற்பது. 1517-ல் மார்ட்டின் லுத்தர் தம் 95 கருத்துகளை வெளியிட்ட நாள் அது. ஜூலை 9-ம் நிற்பது. 1706-ல் லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய நாள். கோடை விடுமுறை முடிந்து முதலாண்டுப் பிள்ளைகள் புதிதாக வந்திருக்கும் நேரம் என்பதால், அந்த இருவரும் யார் என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். ஈஸ்டர் நகரும், அதோடு அதற்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களும், அவை தொடங்கும் சாம்பல் புதனும் சேர்ந்து நகரும். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் காலம் அட்வெந்து. அதன் முதல் ஞாயிறைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு: நவம்பர் 30-க்கு எந்த ஞாயிறு மிக அருகில் இருக்கிறதோ அதுதான். 2026-ல் நவம்பர் 29.

பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேர்வுக்கு முந்தின வாரம் எதை வைத்தாலும் நாற்காலிகள்தான் பார்வையாளர்கள்.

மதுரை நாட்காட்டியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒரு வருடம் பழைய மாணவர் கூட்டத்தைச் சித்ரா பௌர்ணமி அன்று வைத்துவிட்டோம். அழகர் ஆற்றில் இறங்கும் நாள். கல்லூரி வைகைக்குத் தெற்கே, மேலூர், நத்தம், அலங்காநல்லூர்க்காரர்கள் எல்லாம் வடக்கே. கோரிப்பாளையம் பக்கம் ஊரே திரண்டு நிற்கும்போது எந்தப் பேருந்து வரும்? பதினோரு பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் கல்லூரி வளாகத்திலேயே குடியிருப்பவர்கள். ஜனவரி 14-ம் அப்படித்தான். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-ல் உருவான நாள் அது. ஆனால் அன்றோ மறுநாளோ பொங்கல் வரும், அவனியாபுரத்தில் வாடிவாசல் திறக்கும், விடுதி காலியாகக் கிடக்கும். நினைவு ஆராதனையைப் பிள்ளைகள் திரும்பி வந்த பிறகு ஒரு நாளுக்குத் தள்ளுவதில் தெய்வக் குற்றம் எதுவும் இல்லை. அப்புறம் முகூர்த்த நாட்கள். நம் மாணவர்களில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள். அவர்கள் வீட்டு வைகாசி, ஆவணி முகூர்த்தங்களைத் தினசரி காலண்டரில் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டால் போதும்.

தேதி சரியாகிவிட்டது. எப்படி எழுதுவது? எனக்கு வரும் குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "எதிர்வரும் 31-ஆம் தேதி சீர்திருத்தத் திருநாள் வெகு விமரிசையாகக் கொண்டாடப்பட இருப்பதால் அனைவரும் திரளாகக் கலந்துகொண்டு சிறப்பிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." இதில் பேருந்தில் வருகிறவருக்கு ஒரே ஒரு தகவல்தான் கிடைக்கிறது. கிழமைகூட இல்லை. நான் அதை இப்படி மாற்றுவேன்:

"சீர்திருத்த நாள் ஆராதனை. சனிக்கிழமை, அக்டோபர் 31, காலை 9.30. கல்லூரிச் சிற்றாலயம், சாலைப்பக்க வாசல் வழியாக வரவும். 11.30-க்கு முடியும். பிறகு விடுதி உணவுக்கூடத்தில் அசனம், அதாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் மதிய விருந்து. எந்த மதத்தவரும் வரலாம், சீட்டு இல்லை, காணிக்கை கட்டாயம் இல்லை. மழை பெய்தாலும் நடக்கும். பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலம் பேருந்தில் ஏறி, கல்லூரி நிறுத்தத்தில் இறங்கவும்."

கிழமையை எப்போதும் தேதிக்கு முன்னால் போடுங்கள். இரண்டில் ஒன்று தப்பானால் படிக்கிறவர் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். தேதி மட்டும் இருந்தால் தப்பு தப்பாகவே நிற்கும். முடியும் நேரத்தை விடாதீர்கள், கடைசிப் பேருந்தைக் கணக்குப் போடுகிறவர்களுக்கு அதுதான் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் மழை வரி கட்டாயம். அசனம், லெந்து, திடப்படுத்தல், திருவிருந்து என்று சபைக்குள் புழங்கும் சொற்களை அப்படியே எழுதுங்கள், ஆனால் பக்கத்தில் அரை வரி விளக்கம் கொடுங்கள். விடுதியில் மூன்று வருடம் இருந்த பெண் ஒருத்தி, அசனம் என்றால் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று நினைத்து ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு வெளியே போய்ச் சாப்பிட்டிருக்கிறாள். எனக்குத் தெரிந்தது அவள் படிப்பு முடிக்கிற மாதம்.

ரத்ததான முகாம் மாதிரி நிகழ்ச்சிகளுக்கு யார் வரலாம் என்பதையும் எழுதிவிட வேண்டும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும், 45 கிலோ எடையாவது வேண்டும், முன்பு கொடுத்தவர் என்றால் ஆணுக்கு மூன்று மாதம், பெண்ணுக்கு நான்கு மாதம் கழிந்திருக்க வேண்டும், காலையில் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். இது தெரியாமல் விரதம் இருப்பதுபோல வெறும் வயிற்றோடு வந்து நிற்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

குடும்பச் செய்திகள்தான் தாளின் உயிர். ஆபத்தும் அங்கேதான். கல்யாணம், ஞானஸ்நானம், வேலை கிடைத்தது இதெல்லாம் கேட்டு எழுதினால் சரி. இறப்புச் செய்தியை மட்டும் வாட்ஸ்அப்பில் வந்ததை வைத்து எழுதவே கூடாது. வீட்டாரில் ஒருவரிடம் நேரில் அல்லது போனில் கேட்ட பிறகே எழுத வேண்டும். 2009-ல் என்று நினைக்கிறேன், ஒரே பெயர், ஒரே இனிஷியல் உள்ள இரண்டு பேரில் உயிரோடு இருந்தவரைக் காலமானவர் ஆக்கிவிட்டேன். அவரே ஆபீசுக்கு வந்தார். சிரித்துக்கொண்டுதான் வந்தார், ஆனால் அவர் மனைவி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பெயரோடு துறை, படித்த ஆண்டுகள், ஊர் மூன்றும் இல்லாமல் யாரையும் அச்சில் ஏற்றியதில்லை.

இன்னொன்று, "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்பது சபை மக்களுக்கு. தோட்டக்காரர் பெரியவர் இறந்தபோது பழக்கத்தில் அதையே தட்டச்சு செய்துவிட்டேன். அவர் தினமும் திருநீறு பூசிக்கொண்டு வேலைக்கு வந்த மனிதர். ஸ்டென்சில் உருளையில் ஏறும் முன் கண்ணில் பட்டது, திருத்துமை தடவி "காலமானார்" என்று மாற்றினேன். வீட்டார் எப்படிச் சொல்கிறார்களோ அந்தச் சொல்லையே போடுங்கள். நோயின் பெயரை வீட்டார் சம்மதம் இல்லாமல் எழுதாதீர்கள். "உடல்நலமில்லாமல் இருக்கிறார், ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்" என்பது போதும். தனி ஆட்களின் போன் எண் வேண்டாம், அலுவலக எண் ஒன்று போதும்.

அச்சு விஷயத்துக்கு வருகிறேன். எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்பார்கள் பெரியவர்கள், தாள் ஒன்றுக்குள் முடியட்டும் என்பார் கணக்கர். இந்தச் சண்டைக்கு முந்நூறு வயது. தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் தொடங்கியபோது ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரிது. அதில் அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது என்று சிறிய எழுத்துகளை வார்த்துத்தான் 1715-ல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். நமக்கு வார்க்கும் வேலை இல்லை. உள்ளடக்கத்துக்கு 13 அல்லது 14 புள்ளி, அதற்குக் கீழே இறங்காதீர்கள். இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சுருக்காமல் வாழ்த்துரையைச் சுருக்குங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிட்டே வேலையைத் தொடங்குங்கள், இல்லையென்றால் வேறு கணினியில் திறக்கும்போது எல்லாம் கோழிக் கிறுக்கலாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக மட்டும் அனுப்பாதீர்கள். நாலு கை மாறினால் மங்கிவிடும், பார்வையற்ற மாணவர்களின் கைப்பேசியால் அதை வாசித்துக் காட்டவும் முடியாது. பிடிஎஃப் ஒன்று, கூடவே நிகழ்ச்சி விவரம் மட்டும் வெறும் எழுத்தாக ஒன்று.

பிழை பார்ப்பது. நாமே தட்டச்சு செய்ததில் நம் கண்ணுக்குப் பிழை தெரியாது. ஒருமுறை, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு "அனைவருக்கும் ஆசனம் உண்டு" என்று போய்விட்டது. 'அ' ஒன்று 'ஆ' ஆனதற்கு விருந்து நாற்காலியாகிவிட்டது. ஒரு வாரம் பையன்கள் சமையற்கட்டு வாசலில் நின்று "அண்ணே, எனக்கு ஒரு ஆசனம், குழம்பு கொஞ்சம் கூட" என்று கேட்டார்கள். அதன் பிறகு அச்சுக்குப் போகும் முன் காவலரை உட்காரவைத்துச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். வாசித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டு, எங்கே, எப்போது, எப்படிப் போவது என்று அவரிடம் திருப்பிக் கேட்பேன். அவர் தடுமாறினால் தப்பு என் எழுத்தில். "சாப்பிட்டு வரணுமா, அங்கயே சாப்பாடா?" என்று அவர் கேட்டதால்தான் சாப்பாட்டு வரியே தாளில் ஏறியது.

அச்சானதும் மூன்று இடத்தில் ஒட்டுங்கள்: சிற்றாலய முகப்பு, உணவுக்கூடக் கை கழுவும் இடம், வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடை. அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது சம்பிரதாயத்துக்கு. நிகழ்ச்சி தள்ளிப்போனால் அதே மூன்று இடத்துக்கும் அன்றே நடந்து போய்ப் பேனாவால் திருத்துங்கள். வாட்ஸ்அப்பில் போட்டாயிற்று என்று இருந்துவிடாதீர்கள்.

தம்பி, நவம்பர் தாளுக்கு நீங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய நாள் அக்டோபர் 20, செவ்வாய்க்கிழமை. அட்வெந்து ஞாயிறு விட்டுப் போகாமல் பாருங்கள். அறுப்பின் பண்டிகைக்கு எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று சமையற்கட்டில் இன்னும் யாரும் சொல்லவில்லையாம், முதலில் அங்கே போங்கள்.