போர் விமான வானொலிப் பெட்டி: வீட்டில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி விமான விளையாட்டுக்காக, இரண்டாம் உலகப் போர் விமானங்களின் வானொலிக் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் போல நான் செய்த முதல் பெட்டி பார்க்க வடிவாக இருந்தது. கறுப்புப் பெட்டி, சிவப்புப் பொத்தான் ஐந்து, பக்கத்தில் சின்ன விளக்குகள், வெள்ளை எழுத்து. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். ஆனால் கணினியில் ஸ்பிட்ஃபயர் என்ற பிரித்தானியப் போர் விமானத்தை ஏற்றி, பார்வையை எதிரே வைத்தபடி இடக்கையால் 'பி' பொத்தானைத் தேடினால், விரல் அடிக்கடி 'சி'யில் போய் விழும். அலைவரிசை மாறிவிடும், கோபுரத்திலிருந்து பதில் வராது, ஏனென்று குனிந்து பார்ப்பதற்குள் விமானம் சரிந்திருக்கும். அதைக் கழற்றி மறுபடி செய்ய ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அந்த வருடத்தில் நானும் இதே வேலையில் இறங்கிய இரண்டு நண்பர்களும் விட்ட பிழைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரிய பிழை, வேலை தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது. வானொலி என்றதும் வானொலியையே செய்யப் போகிறோம். இரண்டாம் உலகப் போரின் ஒற்றை இருக்கைப் போர் விமானங்களில் வானொலி பெரும்பாலும் இருந்தது விமானிக்குப் பின்னால், உடற்பகுதிக்குள். பிரித்தானியரின் டி.ஆர். 1143 அப்படித்தான் இருந்தது. அதை அடியொற்றி அமெரிக்கர் செய்த எஸ்.சி.ஆர். 522-உம் அப்படித்தான். விமானியின் கைக்கு எட்டியது ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும். ஓஃப், ஏ, பி, சி, டி என்று ஐந்து பொத்தான். நான்கு அலைவரிசைக்கும் உரிய கிறிஸ்டல்களை (அலைவரிசையை நிலையாகப் பிடிக்கும் படிகத் துண்டுகளை) தரையிலேயே பொருத்தி, இசைத்து அனுப்பிவிடுவார்கள். பறக்கும்போது விமானியால் வேறு எண்ணைத் திருப்பிப் பிடிக்க முடியாது. ஆகவே சுழற்றும் குமிழும் எண் ஒளிரும் திரையும் வைத்து ஒரு பெட்டி செய்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த விமானத்தின் பெட்டி இல்லை.

வானொலிக்கென்று தனியாள் இருந்த விமானங்கள் வேறு வகை. 1942 ஏப்ரல் 4 அன்று கொக்கலையிலிருந்து பறந்த கற்றலினா என்ற ரோந்து விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு கொழும்புக்குச் செய்தி அனுப்பியதை நம்மில் பலர் அறிவோம். லெனார்ட் பேர்ச்சல் ஓட்டிய விமானம் அது. சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன் அந்தச் செய்தி வந்து சேர்ந்தது, வானொலியைப் பார்க்கவென்றே ஒருவர் அதில் இருந்ததால்தான். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழும்பிய ஹரிக்கேன் விமானிகளுக்கு அப்படி யாரும் துணை இல்லை. ஓட்டுவது, சுடுவது, கதைப்பது எல்லாமே ஒரே ஆளின் இரண்டு கைகள். பொத்தானை ஏன் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு எளிதாக வைத்தார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

எந்த விமானம், எந்த வருடம் என்று முடிவு செய்யாமல் தொடங்குவது அடுத்த பிழை. 1940-இல் பிரித்தானியாவின் மேல் சண்டையிட்ட ஸ்பிட்ஃபயர்களில் பெரும்பாலானவற்றில் இருந்தது டி.ஆர். 9டி என்ற பழைய கருவி. அதற்கு ஐந்து பொத்தான் பெட்டி கிடையாது. அதோடு மணிக்கூடு போன்ற ஒரு சாதனம் சேர்ந்திருக்கும். முள் நிமிடத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும். ஒவ்வொரு நிமிடத்திலும் 14 விநாடி வானொலி தானாக ஒலியை அனுப்பும். தரையிலுள்ள நிலையங்கள் அதைப் பிடித்து விமானம் எங்கே நிற்கிறதென்று கணிக்கும். அந்த 14 விநாடியும் விமானியால் கதைக்க முடியாது. என் நண்பர் ஒருவர் இந்த மணிக்கூட்டையும் பொத்தான் பெட்டியையும் ஒரே பலகையில் பொருத்திவிட்டார். இரண்டும் அருமையான வேலை. ஆனால் அவர் செய்ய நினைத்தது டி.ஆர். 9டி இருந்த விமானம், அதில் பொத்தான் பெட்டி இல்லை. கடைசியில் ஒன்றைக் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டியதாயிற்று.

பெட்டியை எந்தப் பக்கம் வைப்பது என்பதையும் பலர் யோசிப்பதில்லை. மேசையில் எங்கே இடமிருக்கிறதோ அங்கே வைத்துவிடுகிறார்கள். ஸ்பிட்ஃபயரில் அது இடப்பக்கச் சுவரில், திரொட்டிலுக்கு (இயந்திர வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடிக்கு) கிட்ட இருக்கிறது. வலக்கை கட்டுப்பாட்டுத் தண்டை விடவே வேண்டாம். பி-51டி மஸ்டாங்கில் வலப்பக்கம். அலைவரிசை மாற்ற வேண்டுமென்றால் இடக்கையைத் திரொட்டிலிலிருந்து எடுத்துத் தண்டைப் பிடித்துக்கொண்டு, வலக்கையைப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கை மாற்றம்தான் அந்த விமானத்தை ஓட்டும் உணர்வு. நீங்கள் எதை ஓட்டுகிறீர்களோ அதன் பக்கத்தில் வையுங்கள்.

அளவுக்கு வருவோம். அசல் பெட்டியின் படத்தைத் தொலைபேசியில் பெருப்பித்து, அதிலிருந்து அளவெடுப்பது நம்பத்தகாத வழி. நூதனசாலையில் கிட்டப் போய் எடுத்த படத்தில் நடுப்பகுதி புடைத்து, ஓரங்கள் ஒடுங்கித் தெரியும். வரைபடம் கையில் கிடைத்தாலும் பொறி உண்டு. பழைய வரைபடங்கள் அங்குலத்தில், வேறு அளவுத் தாளுக்கென்று போடப்பட்டவை. அச்சுக்கடையில் கொடுத்தால் தாளுக்கு அடங்கும்படி சுருக்கி அச்சடித்துத் தருவார்கள். எனக்கு நூற்றுக்கு மூன்று வீதம் சுருங்கிப் போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, அந்த அளவில் அக்ரிலிக் தகட்டை வெட்டி எடுத்த பிறகு ஐந்தாவது பொத்தான் துளைக்குள் இறங்கவில்லை. சரியான நீளம் தெரிந்த ஒரு கோட்டை வரைபடத்தின் ஓரத்தில் போட்டு, அச்சான பிறகு அடிமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

இனிப் பொத்தான்கள். இந்த இடத்தில்தான் பெட்டி உயிர் பெறும், அல்லது பொம்மையாக நிற்கும்.

அசலில் ஒன்றை அழுத்தினால் முன்பு அழுந்தியிருந்தது தானாக மேலே எழும்பும். தடவிப் பார்த்தாலே எந்த அலைவரிசையில் நிற்கிறோம் என்று கைக்குத் தெரியும். பலர் அழுத்தி விடும் சாதாரணப் பொத்தான் ஐந்தை வாங்கிப் பொருத்துகிறார்கள். வேலை செய்யும், ஆனால் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும். தலையில் வி.ஆர். கண்ணாடி மாட்டி ஓட்டுகிறவருக்குப் பெட்டி கண்ணில் படவே போவதில்லை. அவருக்கு அந்த உயர வித்தியாசம் ஒன்றுதான் அடையாளம்.

இப்படி ஒன்றை ஒன்று தள்ளி எழுப்பும் சுவிச் நம் வீடுகளிலேயே இருக்கிறது. மேசை ஃபேனின் அடியில் இருக்கும் கட்டைகள் அதே பொறிமுறைதான். ஆனால் அதில் நான்குதான் கிடைத்தது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் போய், "நானா, ஐந்து கட்டை உள்ளது இருக்கா?" என்றேன்.

"பிளெண்டர் சுவிச் எடுங்க தம்பி. அதில ஐந்து வரும். என்ன, மிசின் திருத்தவா?"

"இல்ல நானா, பழைய பிளேன் வானொலி ஒண்டு செய்ய."

அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கொட்டினார். "அப்ப பழசுல தேடுங்க. பழசுலதான் ஸ்பிரிங் சரியா நிக்கும்."

அவர் சொன்னது சரிதான். டின்னிலிருந்து எடுத்த ஒன்று 'டக்' என்று இறங்கி, பக்கத்திலிருந்ததை 'டக்' என்று எழுப்பியது. வாங்கும்போது ஒவ்வொரு கட்டையும் அழுந்தி நிற்கிறதா என்று பாருங்கள். பிளெண்டரில் ஒரு கட்டை, விரலை எடுத்ததும் எழும்பும் வகையாக இருக்கும். அது ஓஃப் இடத்தில் வந்தால் பாதகமில்லை, அலைவரிசை இடத்தில் வந்தால் உதவாது.

இந்தச் சுவிச்சில் ஒரு மறைந்த சிக்கல் உண்டு. அது 230 வோல்ட்டுக்கும் பெரிய மின்னோட்டத்துக்கும் செய்யப்பட்டது. அதன் உலோகத் தொடுகையில் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் படியும். பெரிய மின்னோட்டம் அதை உடைத்துக்கொண்டு போய்விடும். பொத்தானைக் கணினியோடு இணைக்கும் ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையின் உள்ளிருக்கும் தடை வழியாக வரும் மின்னோட்டம் ஒரு மில்லி அம்பியரில் சிறு பங்கு. அதற்கு அந்தப் பலம் இல்லை. ஆகவே பொத்தான் சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. நாங்கள் இரண்டு கிழமை நிரலில் பிழை தேடினோம். பிழை நிரலில் இருக்கவே இல்லை. தொடுகைகளைத் துப்புரவு செய்யும் தெளிப்பானால் கழுவி, வெளியே 1 கிலோ ஓம் தடை ஒன்றை 5 வோல்ட்டுக்குப் போடுங்கள். 5 மில்லி அம்பியர் ஓடும், தடுமாற்றம் நிற்கும். கடற்கரையோரம் குடியிருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். உப்புக் காற்று செம்பைச் சும்மா விடாது.

பலகை வாங்குவதிலும் கவனம் வேண்டும். கணினி பெட்டியை ஜொய்ஸ்டிக்காக அடையாளம் காண வேண்டுமென்றால் ஆர்டுயினோ வகைகளில் லெயொனார்டோ அல்லது புரோ மைக்ரோ வாங்குங்கள். ஊனோ என்ற வகை நேரடியாக அப்படித் தெரியாது. டி.சி.எஸ். என்ற விமான விளையாட்டை, அதோடு தகவல் பரிமாறும் டி.சி.எஸ். பயோஸ் என்ற மென்பொருள் வழியாக இணைக்கிறவருக்கு ஊனோவே போதும். நான் இந்த வழியைத்தான் சொல்வேன், ஏனென்றால் விளையாட்டிலிருந்து தகவல் திரும்பி வந்து விளக்கை எரியவைக்கும். இல்லாவிட்டால் பெட்டியில் 'பி' அழுந்தியிருக்கும், விளையாட்டுக்குள் வானொலி ஓஃபில் நிற்கும், இரண்டும் ஒன்றையொன்று அறியாது.

விளக்குகளுக்குப் பஞ்சிகாவத்தையில் லொறி மின்குமிழ் வாங்கினார் இன்னொரு நண்பர். 24 வோல்ட், 2 வாட் குமிழ் 80 மில்லி அம்பியருக்கு மேல் இழுக்கும். ஆர்டுயினோவின் கால் ஒன்று 20-க்கு மேல் கொடுக்கக் கூடாது. பலகை எரிந்துபோனது. எல்.ஈ.டி. போடுங்கள், ஆனால் நீலம் கலந்த வெள்ளை வேண்டாம். மஞ்சள் சாயலுள்ளது வேண்டும். பழைய குமிழின் இழை உடனே எரிந்து உடனே அணையாது. நிரலில் ஒளியைச் சற்று மெதுவாக ஏற்றி இறக்கினால் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். இரவுப் பறப்பில் கண் கூசாமலிருக்க விளக்குகளின் மேல் இறக்கும் சின்ன மறைப்பும் அசலில் உண்டு. அதையும் செய்யுங்கள்.

டி (T), ஆர் (R), ஆர்.ஈ.எம். (REM) என்று மூன்று நிலையுள்ள நெம்புகோலை வெறும் அலங்காரமாக ஒட்டிவிடுவதையும் பார்க்கிறேன். அது வேலையுள்ள உறுப்பு. 'டி'யில் (T, அலைவரிசை 'டி' இல்லை) வைத்தால் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும், 'ஆர்' என்றால் கேட்பது மட்டும், மூன்றாவதில் வைத்தால்தான் திரொட்டிலிலுள்ள பேசும் பொத்தானுக்கு அதிகாரம் போகும். அந்தப் பொத்தானையும் சேர்த்துச் செய்யாவிட்டால் பெட்டி பாதிதான்.

காதுக்கு வரும் ஒலியில் பலரும் கோட்டை விடுகிறார்கள். அந்தக் கருவிகளில் வால்வுகள் (சூடான பிறகே வேலை செய்யும் கண்ணாடிக் குழாய்கள்) இருந்தன. ஓஃபிலிருந்து 'ஏ'யை அழுத்தியதும் குரல் வராது, சூடாக வேண்டும். அலைவரிசை மாறும்போது உள்ளே மோட்டார் சுற்றிப் பாகங்களை நகர்த்தும். அந்தச் சில விநாடி மௌனத்தை நிரலில் வையுங்கள். குரலை 300 முதல் 3000 ஹேர்ட்ஸுக்குள் வெட்டினால் அந்தக் காலத்து ஒலி வரும். விமானி தன் குரலைத் தன் காதிலேயே கேட்பார். கருவி அனுப்புகிறது என்பதற்கு அதுதான் சான்று. ஆனால் இதைக் கணினியின் ஒலி அமைப்பு வழியாகச் செய்தால் குரல் பிந்தி வந்து நாக்கைக் குழப்பும். ஒலிவாங்கியிலிருந்து ஒரு சின்னச் சுற்று வழியாக நேரே காதுக்குக் கொடுங்கள். பழைய கார்பன் ஒலிவாங்கி கிடைத்தால் அப்படியே கணினியில் செருகாதீர்கள். அதற்குத் தனியாக மின்னோட்டம் கொடுக்க வேண்டும். கணினி கொடுப்பது போதாது.

அசல் பாகம் வாங்குகிறவர்களிடம் இரண்டு விடயங்களைக் கெஞ்சியே கேட்கிறேன். இருட்டில் ஒளிரும்படி பூசிய பழைய முகப்புகளில் பெரும்பாலும் ரேடியம் இருக்கும். பூச்சின் ஒளி மங்கியிருக்கலாம். ரேடியம் மங்கவில்லை, அதன் அரை ஆயுள் 1600 வருடம். சுரண்டாதீர்கள், திறக்காதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். இரண்டாவது, உண்மையான கருவியே கிடைத்துவிட்டால் அதை உயிர்ப்பித்து ஒலிபரப்ப நினைக்காதீர்கள். டி.ஆர். 1143 வேலை செய்தது 100 முதல் 124 மெகாஹேர்ட்ஸில். இன்று அதன் தொடக்கத்தில் பண்பலை வானொலிகள் இருக்கின்றன. அதற்கு மேலே விமானங்களின் வழிகாட்டிச் சமிக்ஞைகளும், இரத்மலானைக்கும் கட்டுநாயக்கவுக்கும் வரும் விமானிகளின் உரையாடலும். 121.5 உயிராபத்து அலைவரிசை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் ஒலிபரப்புவது சட்டப்படியும் குற்றம்.

பெட்டியை முப்பரிமாண அச்சில் எடுப்பதானால் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் வேண்டாம். 60 பாகை அளவில் அது இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மத்தியானம் போதும். பி.ஈ.டி.ஜி. என்ற பிளாஸ்டிக் தாங்கும். எழுத்தை ஒட்டாமல் செதுக்கி வெள்ளை நிரப்புங்கள். ஒட்டியது வியர்வையில் உரிந்துவரும்.

இப்போதைய பெட்டிக்குப் பூச்சு அடிக்க முன் அறை விளக்கை அணைத்து, தடித்த கையுறை போட்டு, தங்கை மகனிடம் அலைவரிசையைக் கூப்பிடச் சொன்னேன். "சி மாமா… ஏ… டி… ஓஃப்!" இருபது தடவையில் ஒன்று தவறியது. 'டி'க்கும் 'சி'க்கும் இடையே நடுவில் ஒரு மில்லிமீற்றர் உயரத்தில் மெல்லிய வரம்பு ஒன்று ஒட்டினேன். அடுத்த நாள் இரவு மறுபடி கூப்பிடச் சொன்னேன். அதன் பிறகுதான் கறுப்புப் பூச்சை எடுத்தேன்.