அச்சகத்துக்குப் பென்டிரைவ் கொண்டுவருகிறவர்களுக்கு

கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கும்பாபிஷேக நோட்டீஸ் என்று எங்கள் அச்சகத்துக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதி பென்டிரைவில்தான் வருகிறது. வீட்டிலேயே சிலவற்றைக் கவனித்துவிட்டால் முகூர்த்த நெருக்கத்தில் அலைச்சல் மிச்சம்.

முதலில் எழுத்துரு. பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் தமிழே தெரியாது. 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக நிற்கும். ஆகவே 'சேவ் அஸ்' கொடுத்து பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிடுங்கள். அதில் எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். பிழை திருத்த வேர்டு கோப்பும் தேவை, இரண்டையும் கொண்டுவாருங்கள். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தட்டச்சு செய்திருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

அடுத்து, பலரும் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட்டை மட்டும் நகலெடுத்து வருகிறார்கள். ஐகானின் இடது கீழ் மூலையில் சின்ன அம்புக்குறி இருந்து, அளவு ஒன்றிரண்டு கேபி என்று காட்டினால் அது வெறும் வழிகாட்டி. கோப்பு உங்கள் வீட்டுக் கணினியிலேயே இருக்கிறது. நகலெடுத்த பிறகு பென்டிரைவுக்குள் போய் அங்கிருந்தே ஒருமுறை திறந்து பாருங்கள். பெயர்களை, தேதியை, முகூர்த்த நேரத்தை அப்போதே சரிபார்த்துவிடலாம்.

பென்டிரைவில் இடம் தாராளமாக இருந்தும் 5 ஜிபி கல்யாண வீடியோ ஏற மறுக்கிறதா? அந்தப் பென்டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் (கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் அமைப்பில் ஃபார்மேட் செய்தால் ஏறும். ஃபார்மேட் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடும் என்பதால், முதலில் அவற்றை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பழைய டிவிகள் சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது.

விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது பிடுங்கவே கூடாது. 'எஜெக்ட்' கொடுத்து, எடுக்கலாம் என்ற செய்தி வந்தபின் எடுங்கள். விண்டோஸில், பென்டிரைவில் அழித்த கோப்பு பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை, நேராகப் போய்விடும். எனவே மூலக் கோப்பு எப்போதும் வீட்டுக் கணினியில் இருக்கட்டும்.

இதை வற்புறுத்தியே சொல்கிறேன்: ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக், குடும்பப் படங்கள் இருக்கும் பென்டிரைவை எந்தக் கடையிலும் கொடுக்காதீர்கள், எங்கள் கடையிலும்கூட. அச்சுக்கென்று சிறியதாக ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பல பேருடைய பென்டிரைவ்கள் ஏறி இறங்கும் கணினியில் வைரஸ் வர வாய்ப்பு அதிகம். வீட்டுக்குப் போனதும் ஸ்கேன் செய்துவிட்டே திறவுங்கள். ஃபோல்டர்கள் எல்லாம் திடீரென்று ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் எதையும் சொடுக்க வேண்டாம், அவசரப்பட்டு ஃபார்மேட்டும் செய்ய வேண்டாம். கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயே மறைந்திருக்கும், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்தால் மீட்டுவிடலாம்.

அச்சு முடிந்ததும் பிழை திருத்திய இறுதிக் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பெயரிலேயே சேமித்தால் முந்தையது மறைந்துவிடும். 'பத்திரிகை இறுதி' என்று தேதியோடு பெயரிடச் சொல்லுங்கள்.