பாட்டியைப் புத்தகமாக்குவது எப்படி

பாட்டியின் பதினாறாம் நாளுக்குப் பத்திரிகையில் நினைவஞ்சலி கொடுத்தோம். 'பாசத்தின் சிகரம், அன்பின் திருவுருவம்' என்று அவர்களே தயாராக வைத்திருந்த வரிகள். எந்த வீட்டுப் பாட்டிக்கும் பொருந்தும். எனக்கு மனசு ஒப்பவில்லை. முதலாண்டு திவசத்துக்குள் இருபது பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் போட்டேன். நீங்களும் செய்வதாக இருந்தால், நான் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் அடுப்படிச் சாமான்களைக் காப்பாற்றுங்கள். மலேசியாவில், பினாங்கின் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் பாட்டி வீட்டைக் காலி செய்த அவசரத்தில், 'சூராட் காபார் லாமா' (மலாயில் 'பழைய பேப்பர்') என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வந்த லாரியில் ஒரு மூட்டை டின்களைத் தூக்கிப் போட்டது நான்தான். பாட்டி அரிசி அளக்கும் பால் டின்னும் அதோடு போய்விட்டது. சித்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பாட்டியின் முறுக்குக் கணக்கே அந்த டின்னில்தான்: நாலு டின் அரிசி மாவு, ஒரு டின் உளுந்து மாவு, ஒரு கை வெண்ணெய்.

அப்புறம் கெட்டிப்பால் டின் ஒன்றை வாங்கிக் காலி செய்து, கழுவித் தராசில் வைத்தேன். தலைதட்டி அளந்தால் அரிசி ஏறக்குறைய 250 கிராம். சரி, 'ஒரு கை' எவ்வளவு? சித்தியை வெண்ணெய் அள்ளச் சொல்லி, உள்ளங்கையிலிருந்து வழித்து நிறுத்தேன். 60 கிராம். "அம்மா கை இன்னும் பெரிசுடா" என்றார் சித்தி. அதையும் எழுதிக்கொண்டேன்.

சொந்தக்காரர்களை உட்காரவைத்து, முன்னால் கைப்பேசியை நீட்டி, "பாட்டியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். "யாருக்கும் தீங்கு நினைக்காதவங்க" என்பதோடு முடிந்துவிடும். வெங்காயம் உரித்துக்கொண்டே சின்னதாகக் கேளுங்கள்: மாசக் கடைசியில் காசு தீர்ந்தால் என்ன குழம்பு? கோபம் வந்தால் எந்தப் பாத்திரம் சத்தம் போடும்? மாமா இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு மணி நேரம் பேசினார்.

அடையாள அட்டையையும் பாருங்கள். பன்னிரண்டு எண்களில் முதல் ஆறு பிறந்த தேதி (அந்தக் காலத்து ஆட்களுக்கு அது குத்துமதிப்பாகவும் இருக்கலாம்), அடுத்த இரண்டு பிறந்த இடம். பினாங்கு என்றால் 07. பாட்டியைப் பினாங்குக்காரி என்றே நம்பியிருந்தோம். அட்டையில் 08, அதாவது பேராக் மாநிலம். சின்னப் பாட்டியிடம் கேட்ட பிறகுதான் பாரிட் புந்தார் பக்கத்து எஸ்டேட் தோட்டமும், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடும் புத்தகத்துக்குள் வந்தன.

படங்களுக்குப் பெரிய வித்தை வேண்டாம். ஒட்டும் ஆல்பத்திலிருந்து பிய்க்காமல், பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்து எடுங்கள். பின்பக்கம் பெயரை மென்மையான பென்சிலில் எழுதுங்கள். பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

பாரங்களில் எல்லாம் பாட்டியின் தொழில் 'சூரி ரூமா', அதாவது இல்லத்தரசி. அது என்னென்ன வேலை என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கி நாலைந்து வருஷத்தில் அந்த ஆண்ட்டி அங்கே ஒரு பேக்டரியில் இரவு வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் தூங்கியது எங்கள் பாட்டி பாயில். ஆயர் ஈத்தாம் சந்தையில் பாட்டி ஹொக்கியன் என்ற சீன மொழியில் மீன் பேரம் பேசுவாராம். வீட்டில் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை!

ஆண்ட்டிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தப் பக்கத்தை மட்டும் மலாயில் எழுதி, பாட்டி படத்தோடு தனியாகக் கொடுத்தேன். ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார்.