வாடகை வீட்டு ஏசி: பழுதின் காரணம் தெரிந்தால் செலவு யாருடையது என்பதும் தெரியும்

‘பெட்ரூமில் ஏசி இருக்கிறது’ என்பார் வீட்டு உரிமையாளர். குடிவருபவர் ரிமோட்டை ஒருமுறை அமுக்கிப் பார்ப்பார். காற்று வரும், பேச்சு அதோடு முடிந்துவிடும். கோடை நடுவில் சுவரோரம் தண்ணீர் வழியும்போதுதான் சர்வீஸ் யார் பொறுப்பு, ஏசிக்குள் சுற்றிக் குளிர்விக்கும் கேஸின் செலவு யாருடையது என்ற கேள்வி எழும். அதற்குள் ஆளுக்கொரு நியாயம் தயாராக இருக்கும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது, ஏனென்றால் அது இடத்துக்கு இடம் தலைகீழாக மாறுகிறது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஏசி உள்ள வாடகை வீடு 82 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் (சுமார் 28 செல்சியஸ்) குளிர வேண்டும் என்று நகர விதியே இருக்கிறது. இந்தியாவின் 2021 மாதிரி வாடகைச் சட்டத்தில் நிலைமை வேறு. அதன் இரண்டாம் அட்டவணை வயரிங்கை உரிமையாளர் கணக்கில் வைக்கிறது. சுவிட்ச், சாக்கெட், மின்சாதனப் பழுது ஆகியவற்றைக் குடியிருப்பவர் கணக்கில் வைக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ள இடமுண்டு. எழுதவில்லை என்றால், உரிமையாளர் மாட்டிய ஏசியின் பழுதும் ‘மின்சாதனம்’ என்ற பெயரில் உங்கள் தலையில் விழ வழி இருக்கிறது. எனவே உங்கள் ஊர்ச் சட்டம் எதுவானாலும், ஒப்பந்தத்தில் ஏசிக்கென்று ஒரு பத்தி இருக்கட்டும்.

சாவி வாங்கும் நாளில்

பத்தி எழுதுவதற்கு முன் ஏசியைச் சோதிக்க வேண்டும். அரை மணி நேரம் போதும். சாதாரண அறை வெப்பமானி ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கூல் மோடில் 18 டிகிரி வைத்து, ஃபேனை ஹையில் போட்டு, ஜன்னல் கதவுகளை மூடிவிட்டு 20 நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு யூனிட்டின் மேற்புறம் காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு அளவும், கீழே காற்று வெளியேறும் இடத்தில் ஒரு அளவும் எடுங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் நல்லது. காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருக்கும் நாளில் கொஞ்சம் குறையும். 5 டிகிரிகூட இல்லை என்றால் காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்-தகடு அடுக்கு) அழுக்கு அடைத்திருக்கலாம், கேஸ் குறைந்திருக்கலாம், கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரஸரே ஓடாமல் இருக்கலாம். மூன்றில் எது என்று தெரியும் வரை ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அவுட்டோர் யூனிட்டைப் பாருங்கள். ஃபேன் சுற்றுகிறதா, வெளிவரும் காற்று சூடாக இருக்கிறதா, ஸ்டாண்டின் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா, செப்புக் குழாய் யூனிட்டில் சேரும் நட்டுகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா என்று கவனியுங்கள். அந்தப் பிசுக்குதான் முக்கியம். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சுற்றுவதால், கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து ஃபில்டரைக் கழற்றி, பின்னால் இருக்கும் காயிலை டார்ச் அடித்துப் படம் எடுங்கள். இரண்டு யூனிட்டின் பெயர்ப்பலகை, வரிசை எண், ரிமோட், ஸ்டெபிலைசர், வெளியே தண்ணீர் சொட்டும் டிரெயின் பைப் எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பாமல் உங்கள் போனிலேயே கிடக்கும் படத்தால் பாதிப் பயன்தான்.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

‘படுக்கையறையில் உள்ள ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி (வரிசை எண் ……), ஸ்டெபிலைசர், ரிமோட் ஆகியவை வேலை செய்யும் நிலையில் ஒப்படைக்கப்பட்டன. ஃபில்டர் சுத்தம், ஆண்டுக்கு இரண்டு வழக்கமான சர்வீஸ், ரிமோட் பேட்டரி ஆகியவை குடியிருப்பவர் செலவு. கம்ப்ரஸர், ஃபேன் மோட்டார், பிசிபி போர்டு (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை), காயில், கேஸ் கசிவு, வயரிங் ஆகியவற்றின் பழுது உரிமையாளர் செலவு. குடியிருப்பவரின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று மெக்கானிக் எழுத்தில் தந்தால் மட்டும் அது குடியிருப்பவர் செலவு. எழுத்தில் தெரிவித்த …… நாட்களுக்குள் பழுது பார்க்கப்படும்.’

சர்வீஸை உரிமையாளரே ஏற்றால் இன்னும் நல்லது. ஆனால் ஃபில்டர் கழுவுவதை எந்த உரிமையாளரும் ஏற்க முடியாது, ஏற்கவும் கூடாது. அது வீட்டில் இருப்பவர் வேலை. தினமும் ஓடும் ஏசிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். சாதாரணத் தண்ணீர் போதும். வெந்நீரும் வெயிலும் ஃபில்டர் சட்டத்தை வளைத்துவிடும் என்பதால் நிழலில் உலர்த்துங்கள்.

தண்ணீர் சொட்டினால் யார் பொறுப்பு

அதிகம் சண்டை வருவது இதற்குத்தான். ஒரே சொட்டுக்கு மூன்று நான்கு காரணங்கள் இருக்கலாம், ஒவ்வொன்றும் வேறு ஆள் கணக்கு.

டிரெயின் பைப்பில் பாசியும் தூசியும் சேர்ந்து அடைத்திருந்தால் அது சர்வீஸ் குறை. சர்வீஸ் யார் பொறுப்போ அவர் செலவு. யூனிட் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, டிரெயின் பைப் போகும் வழியில் மேல்நோக்கி வளைந்திருந்தாலோ அது மாட்டியவரின் தவறு, குடியிருப்பவருக்கு அதில் பங்கில்லை. ஒரு குவளை தண்ணீரை மெதுவாக, காயிலுக்குக் கீழே தண்ணீர் சேரும் டிரேயில் ஊற்றி, வெளியே வந்து சேருகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொன்னால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

காயிலில் ஐஸ் கட்டி, அது உருகிச் சொட்டினால் இன்னொரு படி ஆராய வேண்டும். ஃபில்டர் அடைத்துக் காற்றோட்டம் குறைந்தாலும் ஐஸ் கட்டும், கேஸ் குறைந்தாலும் கட்டும். ஏசியை அணைத்து, ஃபேன் மோடில் மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டு ஐஸை உருக்குங்கள். கத்தியால் சுரண்டினால் அலுமினியத் தகடு வளையும், குழாயில் ஓட்டை விழுந்தால் காயிலே போச்சு. அந்தச் செலவு சந்தேகமில்லாமல் உங்களுடையது. உருகியதும் ஃபில்டரைக் கழுவி மாட்டி மறுபடி போடுங்கள். மீண்டும் ஐஸ் கட்டாவிட்டால் குறை ஃபில்டரில் இருந்தது. கட்டினால் காயிலில் ஆழமாக அழுக்கு இருக்கிறது, அல்லது கேஸ் குறைந்திருக்கிறது.

கேஸைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏசி கேஸ் வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவது இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். ‘வருஷா வருஷம் கேஸ் ஏற்றணும், அது குடியிருக்கிறவங்க செலவு’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சரியான வேலை இப்படி நடக்க வேண்டும்: நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது, சோப்புத் தண்ணீர் தடவிக் கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பது, அதை அடைப்பது, வேக்குவம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுப்பது, கடைசியாகப் பெயர்ப்பலகையில் உள்ள கிராம் அளவுக்குத் தராசில் எடைபோட்டுக் கேஸ் ஏற்றுவது. கசிவைத் தேடாமல் மேலாக ஏற்றிவிட்டுப் போனால் சில மாதத்தில் பழைய கதைதான். ஏசி கேஸில் பல வகை உண்டு: ஆர்-32 கேஸுக்கு லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை உண்டு, ஆர்-290 எளிதில் தீப்பிடிக்கும். பெயர்ப்பலகையைப் பார்க்காமல் பற்றவைப்பு டார்ச்சை எடுக்கும் ஆளை அனுமதிக்க வேண்டாம்.

உடனே சொல்வது ஏன் முக்கியம் என்றால், குறைந்த கேஸோடு ஓடும் கம்ப்ரஸர் சூடேறி எரிந்துபோகும். திரும்பி வரும் குளிர்ந்த கேஸ்தான் அதன் மோட்டாரைக் குளிர்விக்கிறது. கசிவு உரிமையாளர் கணக்கு. ஆனால் ஐஸ் கட்டுவது தெரிந்தும் இரண்டு மாதம் ஓட்டிக் கம்ப்ரஸரைக் கொன்றால், கணக்கு உங்கள் பக்கம் திரும்பும். எனவே அன்றைக்கே ஒரு செய்தி போகட்டும்: ‘வணக்கம் சார். ஹால் ஏசியில் ஐஸ் கட்டித் தண்ணீர் சொட்டுகிறது. ஃபில்டரைக் கழுவிப் போட்டும் மறுபடி கட்டுகிறது. ஏசியை அணைத்து வைத்திருக்கிறேன். படம் இணைத்துள்ளேன். மெக்கானிக் எப்போது வருவார் என்று சொல்லுங்கள்.’ பழுதைச் சொன்னதும், ஓட்டாமல் நிறுத்தியதும் தேதியோடு பதிவாகிவிடும். போனில் பேசினாலும் பேசியதைச் செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

அவுட்டோர் யூனிட் ‘ம்ம்ம்’ என்று உறுமிவிட்டு நின்றால், ‘கம்ப்ரஸர் அவுட்’ என்று கேட்டதும் நம்பிவிட வேண்டாம். இன்வெர்ட்டர் ஏசி (கம்ப்ரஸர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வகை) அல்லாத மாடல்களில் பெரும்பாலும் கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கும். அது மலிவான, அரை மணி நேரத்தில் மாற்றும் பாகம். கெப்பாசிட்டரின் மைக்ரோஃபேரட் அளவை மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். கம்ப்ரஸர்தான் என்று உறுதியானால், உரிமையாளர் இன்னொரு மெக்கானிக்கிடம் கேட்பதில் தவறில்லை.

பத்து வருடம் ஓடிய ஏசி தானாக நின்றால் அது தேய்மானம், குடியிருந்தவர் புது ஏசி வாங்கித்தர வேண்டியதில்லை. உங்கள் தவறால் போயிருந்தாலும் ஈடு கேட்க நியாயமான தொகை அந்தப் பழைய ஏசியின் இன்றைய மதிப்புதான், கடையில் இருக்கும் புதியதன் விலை அல்ல. தொலைந்த ரிமோட், உடைந்த முன்பலகை, நசுங்கிய தகடு ஆகியவை குடியிருப்பவர் கணக்கில்தான் வரும்.

உரிமையாளர் பதிலே சொல்லவில்லை என்றால் வாடகையை நிறுத்துவது ஆபத்தான வழி. பல இடங்களில் அதுவே காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும். எழுத்தில் கெடு வைத்து, இரண்டு மெக்கானிக்குகளின் மதிப்பீட்டை அனுப்பி, ‘நான் பழுதுபார்த்து வாடகையில் கழித்துக்கொள்ளட்டுமா’ என்று கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். ஒப்புதல் இல்லாமல் கழிக்க உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா, எவ்வளவு வரை என்று பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். மெக்கானிக் வரும் நாளில் கதவைத் திறந்துவிடுவது உங்கள் கடமை. முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவது உரிமையாளரின் கடமை.

நீங்களே ஏசி மாட்டுவதானால்

முதலில் எழுத்தில் அனுமதி, பிறகு வயரிங். 230 வோல்ட்டில் ஒரு டன் ஏசி சுமார் 5 ஆம்பியரும் ஒன்றரை டன் 7, 8 ஆம்பியரும் இழுக்கும். அதற்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், எர்த், தனி எம்சிபி (சுமை மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். இரண்டு டன் என்றால், அல்லது லைன் நீளமானால், 4 சதுர மில்லிமீட்டர். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவதை நினைக்கவே வேண்டாம். மணிக்கணக்கில் ஓடும் சுமையில் பிளக் இளகி, இரவில்தான் புகையும். சுவருக்குள் போகும் லைன் வீட்டோடு தங்கிவிடும் என்பதால் அந்தச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாமா என்று கேட்பதில் வெட்கமில்லை. மின் இணைப்பின் அனுமதிச் சுமையைக் கூட்ட வேண்டியிருந்தால், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஒத்துழைப்பு இல்லாமல் நடக்காது.

ஸ்ப்ளிட் ஏசிக்குச் சுவரில் சுமார் 65 மில்லிமீட்டர் துளை வேண்டும், வெளிப்பக்கம் சற்றே சரிந்து. தூணிலும் பீமிலும் துளையிடக் கூடாது. அனுமதியில் துளையின் இடம், அவுட்டோர் யூனிட் நிற்கும் இடம், காலி செய்யும்போது துளையை யார் அடைப்பது ஆகிய மூன்றும் பெயர் சொல்லி இருக்கட்டும். அடுத்த வீட்டு ஜன்னலுக்கு எதிரே சூடான காற்று அடிக்கும்படியோ, கீழ் வீட்டுத் தலையில் தண்ணீர் சொட்டும்படியோ மாட்டினால் புகாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். துளைக்கு அனுமதி கிடைக்காவிட்டால் ஜன்னல் ஏசி, அதுவும் முடியாவிட்டால் போர்ட்டபிள். ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் அறைக் காற்றையே வெளியே தள்ளுவதால், அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியாகச் சூடான காற்று உள்ளே வரும். அதே டன்னுக்கு ஸ்ப்ளிட் தரும் குளிர்ச்சியை எதிர்பார்க்க வேண்டாம்.

கழற்றும் நாளில் மெக்கானிக் கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து அடைக்க வேண்டும். இதற்குப் பம்ப் டவுன் என்று பெயர். ஏசியைக் கூல் மோடில் சில நிமிடம் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் மூடுவார். அழுத்தம் காட்டும் கேஜின் முள் பூஜ்யத்தை நெருங்கும்போது தடித்த குழாயின் வால்வையும் மூடி, அந்த நொடியே ஏசியை அணைக்க வேண்டும். அதன்பிறகும் ஓடவிட்டால் கம்ப்ரஸர் கசியும் இடம் வழியாக வெளிக்காற்றை இழுக்கும்; எண்ணெயும் காற்றும் அழுத்தத்தில் சேர்ந்தால் கம்ப்ரஸர் வெடிக்கவும் கூடும். கேஜ் இல்லாமல் ‘கைக்கணக்கில் பண்ணிடலாம்’ என்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கழற்றியதும் குழாய் முனைகளுக்கும் வால்வுகளுக்கும் மூடி போட்டு டேப் சுற்ற வேண்டும்.

துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்து, ஸ்டாண்டின் போல்ட் ஓட்டைகளையும் பூசிப் படம் எடுங்கள். உரிமையாளரின் ஏசி என்றால் முதல் நாள் செய்த அதே 20 நிமிடச் சோதனையை அவர் முன்னிலையில் செய்து காட்டி, ரிமோட்டையும் சர்வீஸ் ரசீதுகளையும் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்கிய பிறகு முன்பணக் கணக்கைப் பேசுங்கள்.