கர்ப்பிணிக்குச் சாப்பாடு கட்டும்போது எவர்சில்வர் டப்பா

வீட்டில் கர்ப்பிணி இருந்தால், சிங்கப்பூர் உணவங்காடியில் சூடாக எது வாங்கினாலும் ஒரு எவர்சில்வர் டப்பாவும் ஒரு ஃபிளாஸ்க்கும் கொண்டுபோய் நீட்டிவிடுங்கள், பல கடைகளில் பெட்டிக்கென்று தனியாக வாங்கும் 20, 30 காசும் மிச்சம். தேக்கா சந்தையில் கொதிக்கக் கொதிக்கத் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி நூல் கட்டித் தருவார்களே, அதற்கும் ஃபிளாஸ்க்தான்.

சூடும் எண்ணெயும் சேரும்போது சில வகைப் பிளாஸ்டிக்கிலிருந்து தாலேட், பிஸ்ஃபீனால் போன்ற ரசாயனங்கள் உணவில் அதிகம் இறங்கும், இவை ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடக்கூடியவை. அமெரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2022இல் வெளிவந்த ஆய்வில், சில தாலேட்கள் உடலில் கூடுதலாக இருந்தவர்களுக்குக் குறைமாதப் பிரசவமும் கூடுதலாகவே இருந்தது.

வெட்டிய பழம், ரொட்டி மாதிரி ஆறிய பண்டங்களுக்கு இவ்வளவு பார்க்க வேண்டாம். மைக்ரோவேவில் எவர்சில்வர் கூடவே கூடாது, கண்ணாடிக்கோ பீங்கானுக்கோ மாற்றிச் சூடாக்குங்கள். அப்புறம், இத்தனை நாள் பிளாஸ்டிக்கில் சாப்பிட்டுவிட்டோமே என்று தயவுசெய்து மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள், தாலேட்டில் பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரோடு போய்விடும்.