புது பிளாஷ் கையில் வந்ததும் எந்தப் பொத்தானிலிருந்து தொடங்குவது?

கேமராவின் தலையில் மாட்டும் பிளாஷை முதன்முதலாக வாங்கியவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மோடு பொத்தானை அழுத்தி டிடிஎல்லிலிருந்து எம்முக்கு (மேனுவல், அதாவது அளவை நாமே வைப்பது) மாறுங்கள். டிடிஎல்லில், படம் பதிவாகும் முன்பே பிளாஷ் ஒரு சின்ன வெளிச்சத்தை அனுப்பும். லென்ஸ் வழியாகத் திரும்பி வருவதை அளந்து, எவ்வளவு ஒளி வேண்டும் என்று கேமராவே முடிவு செய்துவிடும். ஓடியாடும் குழந்தைகளைப் படமெடுக்க இது அருமையான வசதி. ஆனால் அளவு படத்துக்குப் படம் மாறிக்கொண்டே இருந்தால், எந்தப் பொத்தான் என்ன செய்தது என்று எப்படித் தெரியும்? எம்மில் நீங்கள் வைத்த அளவு அப்படியே நிற்கும்.

திரையில் தெரியும் 1/1, 1/2, 1/4 என்பதெல்லாம் பவர். 1/1 முழு அளவு. ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒளி பாதியாகும். பல பிளாஷ்கள் 1/128 வரை போகும்.

இப்போது ஒரு பயிற்சி. மங்கலான அறையில் ஒரு நாற்காலியை வைத்து, அதற்குப் பின்னால் தள்ளி ஒரு சின்ன விளக்கை எரியவிடுங்கள். கேமராவும் எம் மோடில் இருக்கட்டும்: ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400, அபர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப்5.6, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/125 வினாடி. முக்காலி இருந்தால் நல்லது. பவரை 1/128இல் தொடங்கி, நாற்காலி சரியாகத் தெரியும்வரை ஏற்றுங்கள். அப்புறம் பிளாஷைத் தொடாமல் ஷட்டரை மட்டும் 1/15க்குக் கொண்டு வாருங்கள். பின்னால் இருக்கும் விளக்கும் சுவரும் பளிச்சென்று மேலே வரும், நாற்காலி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். பிளாஷின் ஒளி கண் இமைப்பதற்குள் வந்து முடிந்துவிடுகிறது. ஷட்டர் அதைவிட அதிக நேரம் திறந்திருந்தாலும் பிளாஷுக்கு லாபமில்லை. பின்னணியை ஷட்டரால் சரிசெய்யலாம், முன்னால் இருப்பவரைப் பவரால் சரிசெய்யலாம். இந்த ஒரு விஷயத்துக்காக ஒரு மாலை முழுக்கச் செலவழித்தாலும் தகும்.

ஷட்டரை எதிர்த்திசையில் ஏற்றினால், பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250ஐத் தாண்டியதும் படத்தில் கறுப்புப் பட்டை விழும். அதற்குத்தான் எச்எஸ்எஸ் (ஹை-ஸ்பீடு சிங்க்) என்ற வசதி. பிளாஷ் ஒரே வெட்டாக எரியாமல் மிக வேகமாகத் துடித்துத் துடித்து எரியும். வெயிலில் அபர்ச்சரைத் திறந்து வைத்து எடுக்க உதவும், ஆனால் பிளாஷின் வீச்சு நன்றாகக் குறைந்துவிடும். தேவையில்லாதபோது அணைத்து வையுங்கள்.

ஜூம் பொத்தான் ஒளி எவ்வளவு அகலமாகப் பரவ வேண்டும் என்பதைச் சொல்வது. 24 என்றால் அகலம், 105 என்றால் குறுகல். ஆட்டோவில் விட்டால் போதும்.

தலையைத் திருப்பும்போது பக்கவாட்டில் பூட்டுப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அழுத்திக்கொண்டே திருப்புங்கள், வலுக்கட்டாயம் வேண்டாம். கூரைக்குத் திருப்பி அடித்தால் முகத்தில் விழும் நிழல் மென்மையாகும். கூரை வெள்ளையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் நிறம் தோலில் ஏறும்.

எஸ்1, எஸ்2 என்ற மோடுகள் இரண்டும் பிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றித் தனியே வைப்பதற்கானவை. இன்னொரு பிளாஷ் மின்னுவதைப் பார்த்து இது மின்னும். எஸ்2 மட்டும் டிடிஎல்லின் முன்மின்னலைக் கண்டுகொள்ளாது. கேமராவில் மாட்டிய பிளாஷ் திடீரென்று வேலை செய்யவில்லை என்றால், பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் திரையில் எஸ்1 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.